பசியாறியாச்சா என்று கேட்காதீர்கள்

போன வாரம் கஸ்தூரி போன் செய்தாள். நான் வேலை பார்த்த இடத்தில் இப்போது அவள் இருக்கிறாள். புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளி. அதில் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கென்று தனி வகுப்புகள். அந்த வகுப்புகளின் உதவியாளர் அவள்.

"அக்கா, புதுசா வர்ற பெத்தவங்களுக்குப் பிரயோஜனமா நாலு விஷயம் எழுதிக் குடுங்களேன். நான் எழுதுனா கவர்மெண்டு நோட்டீஸ் மாதிரி இருக்குலா. ஒருத்தரும் படிக்க மாட்டாங்க."

"நான் எழுதுனா மட்டும் படிச்சுருவாங்களா?"

"நீங்க எழுதுனா பேசுற மாதிரி இருக்கும். கொஞ்சம் திட்டுற மாதிரியும் இருக்கும். அதனால படிப்பாங்க."

சிரித்துக்கொண்டே சரி என்றேன். இப்போதெல்லாம் வாசலில் எப்படி என்று விசாரித்தேன். வாசலில் நின்று பேச யாருக்கும் நேரமில்லையாம். பெற்றோருக்குக் கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறதாம். தினமும் காலையில் அதில் 'பசியாறியாச்சா?' என்று ஒரு கேள்வி போகுமாம். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிடுவார்களாம்.

"வேலை சுலபமாயிருச்சுக்கா" என்றாள் கஸ்தூரி.

நாலு விஷயம் எழுத உட்கார்ந்தவள் முதல் விஷயத்திலேயே நின்றுவிட்டேன். அதைச் சொல்ல வேண்டுமானால் தாரணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாரணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ரொஹானா டீச்சரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. ஊரில் எல்லாரும் என்னை டீச்சர் என்று கூப்பிடுவார்கள். நான் டீச்சர் இல்லை. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவள். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு கைக்குழந்தையிலிருந்து நடக்கிற குழந்தை வரை எங்கள் கையில்தான் கிடக்கும். தோட்டத்தை விற்று வீடு கட்ட ஆரம்பித்ததும் கொட்டகையை மூடிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் இந்த வகுப்பைத் தொடங்கினார்கள். பிள்ளைகளைத் தூக்க, துடைக்க, ஊட்ட, கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் தேடினார்கள். போனேன். ஷா ஆலாமில் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். முழுக்க மலாயில் பாடம். பாதி புரிந்தது, மீதியைப் பிள்ளைகள் புரியவைத்தார்கள். என் பயிற்சி அவ்வளவுதான்.

அந்த வகுப்புகளுக்குப் பொறுப்பு ரொஹானா டீச்சர். தஞ்சோங் காராங் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவசரம் வந்தால் நமக்கெல்லாம் பேச்சு வேகமாகும், அவருக்கு மெதுவாகும். அவர் நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தால் என்னவோ பெரிதாக நடந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். வகுப்புக்குள் நுழையும் முன் வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வார். அந்தச் சத்தம் ஒரு பையனுக்கு ஆகாது. அவன் பள்ளியை விட்டுப் போய்ப் பல வருடமான பிறகும் கழற்றிக்கொண்டுதான் இருந்தார். காரை எப்போதும் ஒரே மரத்தடியில் நிறுத்துவார். கார் இடம் மாறினால் சில பிள்ளைகளுக்கு நாளே மாறிவிடும்.

நான் ஓடிப்போய் "டீச்சர், அவனுக்குக் கோவம் வந்துருச்சு" என்றால், "கோபம் இருக்கட்டும். நீ என்ன பார்த்தாய்?" என்பார். மலாயில்தான் சொல்வார். "ஆப்பா அவாக் லியாட்?" என்ன பார்த்தாய்? காதைப் பொத்தினானா, பையைத் தூக்கி எறிந்தானா, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தானா? பார்த்ததை முதலில் சொல்ல வேண்டும். நினைத்ததை அப்புறம் சொல்லலாம். எனக்கு இது பழகப் பல காலம் ஆயிற்று. நமக்கெல்லாம் நினைப்பதுதான் முதலில் வருகிறது.

என் இடம் வாசல். காலையில் பிள்ளையைப் பெற்றவர் கையிலிருந்து என் கைக்கு வாங்க வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் கேட்டுக்கொள்ளாததை நாள் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. ராத்திரி தூங்கினானா? முடி வெட்டினீர்களா? வீட்டில் விருந்தாளியா? முடி வெட்டியதைச் சொல்லாமல் விட்டால் கழுத்தில் குத்துகிற ஒரு துண்டு முடிக்காக மத்தியானம் வரை அழுகிற பிள்ளை உண்டு. புதுச் சப்பாத்தைப் போட்டு அனுப்பாதீர்கள். வீட்டுக்குள் நாலு நாள் போட்டு நடக்கவிட்ட பிறகு அனுப்புங்கள். சாப்பாட்டு டப்பாவை வாங்கும் முன் கடையிலேயே பிள்ளை கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். மாற்று உடை ஒரு செட் பையில் இருக்கட்டும்; நனைந்ததைப் போட்டனுப்ப ஒரு பிளாஸ்டிக் பையும் வையுங்கள். சப்பாத்துக்கு உள்ளே பெயர் எழுதுங்கள். மருந்தைப் பையில் போட்டு அனுப்பாதீர்கள்; ஆஸ்பத்திரி ஒட்டிய சீட்டோடு கைக்குக் கை கொடுங்கள். வேறு யாராவது கூட்டிப்போக வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மாமனாக இருந்தாலும் சரி, மச்சானாக இருந்தாலும் சரி. பிள்ளை வேடிக்கை பார்க்கும்போது நழுவிப் போகாதீர்கள். அழுதாலும் பரவாயில்லை, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நழுவிப்போன அம்மாவைத் தேடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அன்றைக்கு எந்தப் பாடமும் ஏறாது.

கஸ்தூரி கேட்டது இந்த மாதிரி விஷயங்கள்தான். இவற்றை எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெற்றவர்களே. அவர்கள் பேச்சைக் கேட்பது எனக்குச் சோறு தின்கிற மாதிரி. கம்போங் குவாந்தானில் மின்மினி காட்டப் படகு ஓட்டுகிற ஓர் அப்பா, முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மின்மினிப் பூச்சிக்கு டார்ச் அடிச்சா விளக்க அணைச்சுக்கும். என் மகனும் அப்படித்தான். சத்தம் போட்டுக் கூப்பிடாதீங்க, பக்கத்துல போய் நில்லுங்க" என்றார். எங்கள் வேன்காரர், "என் வேன்ல பாதிப் பேரு பேச மாட்டாங்க, ஆனா ஒரு நாளும் அமைதியா ஓட்டுனதில்ல" என்று அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தச் சன்னல் பிடிக்கும் என்று நினைவில் வைத்திருப்பார்.

இத்தனையும் கேட்பதற்கு முன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. நம் ஆள் யாரைப் பார்த்தாலும் வாயில் வருகிற கேள்விதான். பசியாறியாச்சா?

தாரணி வந்தபோது அவளுக்கு ஏழு வயது. பேச்சு அதிகமில்லை. ஏதாவது கேட்டால் கேட்டதையே திருப்பிச் சொல்வாள், சொல்லாமலும் இருப்பாள். அவளுக்கு வலிப்பு நோய் இருந்தது, ஆனால் மருந்தில் அடங்கிவிட்டிருந்தது. பள்ளியில் சேர்க்க வந்த நாளில் அவள் அம்மா விமலா எங்களிடம் எல்லாம் சொன்னாள்.

"காலையில ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை. பசியாறினதும் குடுத்துருவோம்க்கா. வெறும் வயித்துல குடுத்தா வாந்தி எடுத்துருவா. மருந்து ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு தடவகூட இழுக்கல. சாமி புண்ணியம்."

தாரணி பள்ளிக்கு வர ஆரம்பித்ததும் விமலாவுக்கு முதல் முறையாகப் பகலில் கை ஓய்ந்தது. ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். விடியும் முன்னே தொழிற்சாலை பஸ் வந்துவிடும். பிள்ளையைக் கிளப்பிக் கொண்டுவந்து விடுவது அப்பா சேகரின் பொறுப்பாயிற்று. சேகர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். ஆறடி ஆள். தன் பெரிய மோட்டார் சைக்கிளில் தாரணியை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு வருவார். அவள் தலைக்கவசத்தில் ஒரு பூனை படம் ஒட்டியிருக்கும். அதை முன்பக்கமாகத் திருப்பிவைத்த பிறகுதான் வண்டியை எடுப்பாராம்.

"பசியாறியாச்சா சேகர்?"

"ஆச்சுக்கா."

"சரி, வா தாரணிக் கண்ணு."

தினமும் இதுதான். ஆச்சு என்றால் சாப்பாடும் ஆச்சு, மருந்தும் ஆச்சு. அவள் கையை வாங்கிக்கொண்டு நான் உள்ளே போய்விடுவேன்.

தாரணிக்குப் பள்ளி பிடித்துப்போயிற்று. வந்த புதிதில் மேசைக்கு அடியில்தான் உட்காருவாள். ரொஹானா டீச்சர் அவளை வெளியே வா என்று சொன்னதே இல்லை. தானும் போய் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வட்டப் பலகைகளை அடுக்கிக்கொண்டிருப்பார். கொஞ்ச நாளில் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து ஒரு பலகையை எடுத்துக்கொடுத்தது. அப்புறம் தலை வந்தது. அப்புறம் நாற்காலி. விடிகாலையில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றுவிடுகிறாள் என்று சேகர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டாம் மாதத்தில் வகுப்பில் அவளுக்கு இழுத்தது.

வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். நான் பிடித்தேன். ரொஹானா டீச்சரின் பேச்சு மெதுவாகிவிட்டது. "பக்கவாட்டில். படுக்க. வை." கைப்பையிலிருந்த மாற்றுத் துப்பட்டாவை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தார். நாற்காலிகளைத் தள்ளச் சொன்னார். கையையோ காலையோ அழுத்திப் பிடிக்காதே என்றார். வாயில் எதுவும் வைக்காதே என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். அது அவருடைய சட்டம்.

அதற்குள் சத்தம் கேட்டு சிற்றுண்டிச் சாலை அக்கா சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். "இரும்பு! இரும்ப கையில குடுங்க!"

ரொஹானா டீச்சர் திரும்பாமலே, "அக்கா, அந்தச் சாவியால் என் அறையைத் திறந்து போர்வையை எடுத்து வாருங்களேன்" என்றார். அது அந்த அறையின் சாவி இல்லை. ஆனால் அக்கா ஓடிவிட்டார். அறைக்கதவு பூட்டாமல் கிடந்ததால் போர்வையும் வந்து சேர்ந்தது. அவரைப் போ என்று சொல்லவில்லை பாருங்கள். அவருக்கு ஒரு வேலையைக் கொடுத்தார்.

இழுப்பு நின்றது. தாரணி தூங்கினாள். சேகர் லோரியையே பள்ளி வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஓடிவந்தார். முதுகில் செம்பனைத் தூசி. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அப்புறம் மறுபடியும் வந்தது. இன்னொரு நாள் பள்ளி விட்டுப் போன சாயங்காலம் வீட்டில் வந்தது. நாங்கள் எங்கள் பக்கம் தேடினோம். மின்னுகிற குழல் விளக்கை மாற்றினோம். காற்றாடிக்கு அடியிலிருந்து அவள் இடத்தை நகர்த்தினோம். சன்னலுக்குத் திரை போட்டோம். வெயிலில் விளையாட விடவில்லை. ஒன்றும் பலிக்கவில்லை.

ஒரு நாள் காலை சேகரும் விமலாவும் சேர்ந்து வந்தார்கள். விமலா அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். தாரணி நேராக வகுப்புக்கு ஓடிவிட்டாள். ரொஹானா டீச்சரின் அறையில் நாங்கள் நால்வர்.

சேகர்தான் ஆரம்பித்தார். மலாயும் தமிழும் கலந்து பேசினார். "டீச்சர், உங்க மேல கொறை இல்ல. நல்லாத்தான் பாத்துக்கிறீங்க. ஆனா இங்க வந்த பெறகுதான் இழுக்குது. வீட்டுல இருந்தப்ப ஒன்னுமே இல்ல. இவ வேலைய விட்டுர்றேன்னு சொல்லிட்டா. தாரணி வீட்டோட இருக்கட்டும்."

விமலா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

வீட்டோடு என்ற வார்த்தை எனக்குத் தெரியும். நான் வளர்ந்த தோட்டத்து லயத்து வரிசையில் ஒரு வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தது. அதன் குரலைத் தினமும் கேட்டிருக்கிறோம். முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்றெல்லாம் இல்லை. பாசமாகத்தான் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். மேசைக்கு அடியிலிருந்து நாற்காலிக்கு வந்தவள் திரும்பவும் ஒரு கதவுக்குப் பின்னால் போகப்போகிறாள். ஆனால் தகப்பன் சொல்வதில் தப்பு என்ன? அவர் பார்த்ததைத்தானே சொல்கிறார்? வீட்டில் இருந்தவரை இழுக்கவில்லை. பள்ளிக்கு வந்ததும் இழுக்கிறது.

எழுந்துபோய்த் தேத்தண்ணி கலக்கினேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் கேட்கிற மாதிரி, பழக்கத்தில், கோப்பையை நீட்டிக்கொண்டே கேட்டேன்.

"பசியாறியாச்சா சேகர்?"

"ஆச்சுக்கா. வர்ற வழியில ஒட்டுக்கடையில ரெண்டு ரொட்டி சானாய்."

ரொஹானா டீச்சருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். ரொட்டி சானாய் எந்த மொழியிலும் ஒன்றுதான். சிரித்துக்கொண்டே, பேச்சுவாக்கில், "தாரணிக்கும் ரொட்டி பிடிக்குமா?" என்றார்.

"அவளா? ரொட்டி வீசறத வாயப் பொளந்துகிட்டுப் பாப்பா டீச்சர். வாயில வைக்க மாட்டா. காலையில அவ எங்க சாப்பிடுறா? பச்சத் தண்ணிகூட எறங்காது."

ரொஹானா டீச்சர் கோப்பையை மேசையில் வைத்தார். "காலையில். அவள். சாப்பிடுவதே. இல்லையா?"

பேச்சு மெதுவாகிவிட்டதை நான் கவனித்தேன்.

"இல்ல டீச்சர். அவ்ளோ காலையில எழுப்பிக் கெளப்புறதே பெரும்பாடு."

நான் பதறிவிட்டேன். "என்ன தம்பி சொல்றீங்க? தெனமும் வாசல்ல கேக்கறேனே, பசியாறியாச்சான்னு? ஆச்சு ஆச்சுன்னு சொன்னீங்களே!"

சேகர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பொய் சொல்கிறவரின் முகம் அல்ல அது.

"என்னத்தானேக்கா கேட்டீங்க?"

சேகர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மனுசன் காலையில வேலைக்குப் போறான், சாப்பிட்டானா என்னான்னு அக்கா அக்கறையா கேக்கறாங்கன்னு நெனச்சேன். நானும் சாப்பிட்டுத்தான வருவேன். ஆச்சுன்னு சொல்லுவேன்."

விமலா தலையைத் தூக்கினாள். "அப்ப மருந்து?"

"நீதான சொன்ன, பசியாறினதும்தான் குடுக்கணும், வெறும் வயித்துல குடுத்தா வாந்தி எடுப்பான்னு. அவ சாப்பிட்டாத்தான குடுக்கறது? அதான் ராத்திரி நீ குடுக்கறியே, போதும்னு விட்டுட்டேன்."

"அய்யோ, பிரேக்ல போன் போட்டுத் தெனமும் கேட்டேனே! பசியாறியாச்சான்னு கேட்டேனே!"

"நீயும் என்னத்தானே கேட்ட!"

விமலா வாயில் கையை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன். பாதி அழுகை, பாதி சிரிப்பு. "இந்த மனுசனப் போயி யாரு கேப்பா? ரெண்டு ரொட்டி சானாய் திங்கற ஆள, பசியாறினியான்னு யாராச்சும் கவலப்பட்டுக் கேப்பாங்களா?" என்று அவர் தோளில் ஓர் அடி போட்டாள். அந்த ஆறடி ஆள் நாற்காலியில் சின்னப் பிள்ளை மாதிரி ஒடுங்கிப்போய்விட்டார். கண் கலங்கிவிட்டது.

"நான்தான் எம்புள்ளைக்கு இத செஞ்சனா டீச்சர்?"

ரொஹானா டீச்சர் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சேகர், எங்கள் வீட்டிலும் 'சுடா மாக்கான்?' என்றுதான் கேட்போம். சாப்பிட்டாச்சா? யார் சாப்பிட்டது என்று அதில் இல்லை. எல்லாரும் சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்வோம். பசியோடு இருந்தாலும் சொல்வோம். இந்தப் பள்ளியில் அந்தக் கேள்வியைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தது நாங்கள். மனைவி சொன்னதை நீங்கள் ஒரு நாளும் மீறவில்லை. மருந்தை நிறுத்தவேண்டும் என்று நிறுத்தியவரா நீங்கள்? இனி என்ன செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்போம். அவளைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்பதை அதற்கு அப்புறம் முடிவு செய்யுங்கள்."

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரொஹானா டீச்சர் அனுமதி வாங்கிக்கொண்டு கூடவே போனார். காலை மருந்து விட்டுப்போனதால் மறுபடி இழுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்றில்லை, இரண்டு பிஸ்கட் போதும், ஆனால் சாப்பிடவில்லை என்பதற்காக இந்த மருந்தைத் தவறவிடக் கூடாது, வாந்தி எடுத்தால் வந்து கேளுங்கள் என்றாராம். இவ்வளவுதான். இதற்காகத்தான் விளக்கை மாற்றினோம், திரை போட்டோம்.

மறுநாளிலிருந்து சேகர் விடிகாலையில் பாலில் பிஸ்கட் நனைக்கக் கற்றுக்கொண்டார். ரொம்ப நனைந்தால் தொடமாட்டாள், நனையாவிட்டால் துப்பிவிடுவாள். "கிளாஸுக்குள்ள விட்டு ஒன்னு, ரெண்டுன்னு எண்ணி எடுக்கணும்க்கா. மூனு எண்ணுனா போச்சு. லோரி ரிவர்ஸ் எடுக்கறது இத விட ஈசிலா" என்பார்.

வலிப்பு அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். எப்போதோ ஒரு முறை வரும். வந்த இடத்தில் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பார்ப்போம். ஆனால் தாரணி பள்ளியைவிட்டுப் போகவில்லை. விமலாவும் வேலையை விடவில்லை.

வாசலில் என் கேள்வியை ரொஹானா டீச்சர் மாற்றினார். உத்தரவு போடவில்லை. ஒரு நாள் காலை வந்து என் பக்கத்தில் நின்றார். சேகர் வண்டியை நிறுத்தியதும் அவரே தமிழில் கேட்டார். ராத்திரி யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். "தாரணி, காலையில், என்ன சாப்பிட்டாள்?"

முதலில் பெயர். அப்புறம் 'என்ன'. அந்தக் கேள்விக்கு ஆச்சு என்று பதில் சொல்ல முடியாது. ஏதாவது ஒரு பொருளைச் சொல்லியாக வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அப்படியே மருந்துக்கும் ஆயிற்று. மருந்து கொடுத்தாச்சா என்று கேட்பதில்லை. தாரணிக்கு மருந்து யார் கொடுத்தது?

பெற்றவர்கள் எங்களைக் கேலி செய்யாமல் இல்லை. "போலீஸ் டேசன்லகூட இம்புட்டு கேக்க மாட்டாங்க" என்றார் ஒருவர். "என் மாமியாகூட நான் என்னா தின்னேன்னு கேட்டதில்ல டீச்சர்" என்றாள் ஒருத்தி. ஆனால் பதில் வந்தது. வெறும் டீ. ஒன்னும் இல்லக்கா. நேத்து சோறு. பக்கத்து வீட்டுல குடுத்த இட்லி. அந்தப் பதில்களுக்குப் பின்னால் என்னென்ன வீட்டு நிலவரங்கள் இருந்தன என்பது எனக்கும் ரொஹானா டீச்சருக்கும் மட்டும் தெரியும். சில நாள் அவர் கைப்பையிலிருந்து வளையலுக்குப் பக்கத்தில் ரொட்டிப் பொட்டலம் ஒன்று வெளியே வரும்.

தாரணி முதலில் என் கேள்வியையே எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "தாரணி என்ன சாப்பிட்டா." ஒரு நாள், அப்பா வாயைத் திறப்பதற்குள், "பிஸ்கட்" என்றாள். சேகர் மோட்டாரின் சாவியைத் திருக மறந்து அப்படியே நின்றார். அதற்குப் பிறகு தினமும் அவளே சொன்னாள். பிஸ்கட். பழம். பிஸ்கட். கேட்டால் சொல்வாள். அவளாக யாரையும் எதுவும் கேட்டதில்லை. பள்ளியை விட்டுப் போகும் வரை கேட்டதில்லை.

எனக்கு ஓய்வு வந்தது. ரொஹானா டீச்சரும் ஓய்வு பெற்று தஞ்சோங் காராங்கில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். பெருநாளுக்குப் போனால், "வா, வா, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?" என்றுதான் வரவேற்பார். என்னை ஒரு வேலைக்காரியாகப் பார்க்காமல் கண் உள்ளவளாகப் பார்த்தவர் அவர். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்கள் திரும்பவும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். இவர்களுக்கெல்லாம் நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? கஸ்தூரி கேட்டதால் இதையாவது எழுதுகிறேன்.

கஸ்தூரி போன் செய்த மறுநாள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனேன். திரும்பி வரும்போது அந்த ஒட்டுக்கடையிலிருந்து "அக்கா!" என்று குரல். சேகர். தலை நரைத்திருக்கிறது, உடம்பு அப்படியேதான். பக்கத்தில் விமலா, எதிரில் தாரணி. வளர்ந்து அம்மா உயரத்துக்கு வந்துவிட்டாள். அவள் முன்னால் ரொட்டி சானாய், சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, குழம்பு படாமல் தனியாக.

"அக்கா, எப்படி இருக்கீங்க? பசியாறியாச்சா?" என்றாள் விமலா.

"ஆச்சும்மா, ஆச்சு" என்றேன்.

ஆகவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு கோப்பை தேத்தண்ணி. தனி ஆளுக்கு என்ன பெரிய சமையல் என்று பாதி நாள் அப்படித்தான். ஆனால் யாராவது கேட்டால் ஆச்சு என்றுதானே வாயில் வருகிறது.

தாரணி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த காய்கறிப் பையைப் பார்த்தாள்.

"டீச்சர் என்ன சாப்பிட்டா?"

விமலாவின் கை அந்தரத்தில் நின்றது. சேகர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு ஆச்சு என்று சொல்ல முடியாது என்று எனக்குத்தான் தெரியுமே.

"ஒன்னும் இல்ல கண்ணு" என்றேன்.

தாரணி பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் தள்ளினாள். சேகர் கடைக்காரரைப் பார்த்து, "மாமா, டீச்சருக்கு ரெண்டு ரொட்டி! சூடா!" என்று கத்தினார்.

ரொட்டி வந்தது. தாரணி தன் தட்டைத் தொடவில்லை. நான் பிய்த்து, முதல் துண்டை வாயில் வைத்து, மென்று விழுங்கும் வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்த பிறகுதான் தன் தட்டுக்குத் திரும்பினாள்.